குண்டம்மா இட்ட முட்டைகள்

எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான். வேலிக்கு அந்தப் பக்கம் நீளமாக ஒரு கறிக்கோழிப் பண்ணை. பல்லடம் சுற்றுவட்டாரத்தில் இது புதிய காட்சி இல்லை. கம்பெனிக்காரர்கள் குஞ்சும் தீவனமும் கொண்டுவந்து இறக்குவார்கள். முப்பத்தைந்து, நாற்பது நாளில் லாரியோடு வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். பண்ணைக்காரருக்கு வளர்ப்புக் கூலி.

2023-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் அப்படி ஒரு லாரி வந்து போன மறுநாள், எடை தேறாது என்று விட்டுப்போன இரண்டு நோஞ்சான் கோழிகளை ஏழாவது படிக்கும் என் மகள் பாவாடையில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஒன்று நாலாம் நாளே போய்விட்டது. இன்னொன்று பிழைத்தது. பிழைத்தது என்று சும்மா சொன்னால் போதாது. எங்கள் நாட்டுக் கோழிகளுக்கு வைத்த கம்பும் சோளமும், மாட்டுக்கு வைத்த தவிடும், நாங்கள் கொட்டிய பழைய சோறும் எல்லாம் அதன் வயிற்றுக்குள்தான் போயிற்று. நாட்டுக் கோழி நாலு கொத்துக் கொத்திவிட்டுச் சீய்க்கப் போய்விடும். இது தட்டை விட்டு நகராது. தின்று களைத்தால் அங்கேயே உட்காரும். உட்கார்ந்தபடியே மறுபடி தின்னும். மகள் அதற்குக் குண்டம்மா என்று பெயர் வைத்தாள்.

"இது கறிக்குன்னே வந்த ஜாதி அம்மிணி, முட்டைக்கு ஆகாது. தீபாவளிக்குள்ள அறுத்துருங்க" என்றார் என் மாமியார். அறுக்க மகள் விடவில்லை. கார்த்திகை தீபம் கழிந்தபோது தராசில் வைத்துப் பார்த்தோம். நாலே முக்கால் கிலோ! எங்கள் சேவலே இரண்டரை கிலோ தேறாது.

அந்த வாரமே அது முட்டையிட ஆரம்பித்தது. மாமியார் சொன்னது பொய்யாகிவிட்டதே என்று மகள் குதித்தாள். ஆனால் இரண்டு நாளில் விசித்திரங்கள் தொடங்கின. ஒரு நாள் ஓடே இல்லாத தோல் முட்டை, தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி. ஒரு நாள் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஒரு நாள் இரட்டைக் கரு. இன்னொரு நாள், ஒரு பக்கம் யாரோ உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்கியது போல், மேலே சுண்ணாம்பு அப்பிய முட்டை. சில நாள் அடைப்பெட்டியில் உட்கார்ந்து முக்கிவிட்டு, ஒன்றும் இடாமலே எழுந்து வரும். மகள் பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதிவைத்தாள். 41 நாளில் 38 முட்டை. அதில் தோல் முட்டை 9, இரட்டைக் கரு 6, கோணல் 4. ஆகப் பாதிதான் முட்டை என்று சொல்லும்படியான முட்டை.

பொங்கலுக்கு என் அக்கா மகள் வந்திருந்தாள். கலியாணமாகி ஐந்து வருஷம். இன்னும் குழந்தை இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் மாமியார் வீட்டில் இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்: கல்லூரி ஹாஸ்டலில் தங்கியபோது பிராய்லர் கறியாகத் தின்றதால்தான் இப்படி ஆகிவிட்டதாம். அந்தக் கோழிக்கு ஊசி போட்டு வளர்க்கிறார்களாம். அந்த ஊசி மருந்து இவள் உடம்பில் இறங்கிவிட்டதாம். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இதே பேச்சு.

அவள் அந்தத் தோல் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, "சித்தி, இதுக்கும் ஊசிதானா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆனால் ஒன்று மட்டும் தெரியும். இந்தக் கோழிக்கு நாற்பதாம் நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சோறும் தவிடும்தான். யாரும் எந்த ஊசியும் போடவில்லை. அப்படியிருக்க, இது ஏன் இப்படி?

ஏணிப்படி போல

மாட்டுப் பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் குண்டம்மா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வயிறு வீங்கி, வாத்து மாதிரி நிமிர்ந்து நின்றது. கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் வழியிலேயே செத்துவிட்டது. அங்கிருந்த டாக்டரம்மா நல்ல மாதிரி. "வந்ததுதான் வந்தீங்க, அறுத்துப் பார்த்துரலாம்" என்றார். மகளை வெளியே நிற்கச் சொன்னேன். அவள் நிற்கவில்லை. அக்கா மகளும் கூடவே இருந்தாள்.

வயிற்றைத் திறந்ததும் மஞ்சள் மஞ்சளாகக் கருக்கள். கொத்தாகத் திராட்சைக் குலை போலத் தொங்கின. அது போக, வயிற்றுக்குள்ளேயே உடைந்து கொட்டிக் கெட்டியாகிப்போன கரு வேறு. நாற்றம் தாங்கவில்லை.

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்தவரைக்கும் எழுதுகிறேன். பெட்டைக் கோழிக்கு இடது பக்கத்துச் சினைப்பை ஒன்றுதான் வேலை செய்யும். அதில் பொடிக் கருக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றில் நாளுக்கு ஒன்று என்று கணக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஒரு வாரம் பத்து நாளில் பெரிதாகும். நல்ல முட்டைக் கோழியை எந்த நாளில் அறுத்துப் பார்த்தாலும் ஐந்து முதல் ஏழு கருக்கள், பெரியது, அதைவிடச் சிறியது, அதைவிடச் சிறியது என்று ஏணிப்படி போல இருக்கும். இன்றைக்குப் பெரியது கழன்று விழும், நாளைக்கு அடுத்தது. கழன்ற கருவைப் புனல் மாதிரி ஒரு வாய் ஏந்திக்கொள்ளும். உள்ளே வெள்ளைக் கரு சேர்ந்து, சவ்வு கட்டி, கடைசியில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓட்டுக்காகவே தங்கும். எல்லாம் சேர்ந்து 24 முதல் 26 மணி நேரம்.

"உங்க கோழியைப் பாருங்க. ஒவ்வொரு படியிலயும் ரெண்டு ரெண்டு" என்று கத்தி முனையால் தொட்டுக் காட்டினார். எண்ணினோம். பெரிய கருவே பதினொன்று. ஒரே நாளில் இரண்டு கழன்று ஒன்றாகப் போனால் இரட்டைக் கரு. சில மணி நேரம் முன்பின்னாகப் போனால், பின்னால் வந்தது முன்னால் இருப்பதை ஓடு கட்டும் முன்பே தள்ளிவிடும். அதுதான் தோல் முட்டை. இரண்டும் ஓட்டறையில் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு இருந்தால் தட்டை முட்டை. புனலுக்குள் விழாமல் தவறி வயிற்றுக்குள் விழுந்தால்? கோழி உட்கார்ந்து முக்கும், முட்டை வராது. தவறி விழுந்ததில் சீழ் பிடித்தால் இப்படித்தான் முடியும்.

மகளுடைய நோட்டில் இருந்த அத்தனை விசித்திரங்களுக்கும் அந்த ஒரு கொத்தில் பதில் இருந்தது.

"இது சீக்கு இல்லீங்க, ஜாதி வாகு" என்றார் டாக்டரம்மா. "வளர்த்தியைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வந்த ரத்தம். வயிறு நிறையத் தின்ன விட்டா சினைப்பை இப்படித்தான் தாறுமாறாகும்."

வளர்த்தி ஒரு பக்கம், முட்டை ஒரு பக்கம்

காட்டுக் கோழி வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். நம் வீட்டு நாட்டுக் கோழி அறுபது, எண்பது. முட்டைக்கென்றே வளர்க்கும் வெள்ளை லெகார்ன் வழிக் கோழிகள் முந்நூறுக்கு மேல். நாமக்கல்லிலிருந்து வரும் முட்டை அப்படிப்பட்டதுதான். அந்தக் கோழி ஒன்றரை கிலோ சொச்சம்தான் இருக்கும். தின்பதெல்லாம் முட்டைக்குப் போய்விடும். கறிக்கோழியின் தாய்க்கோழியோ, முட்டையிடும் காலம் முழுவதும் சேர்த்து நூற்று எழுபது, நூற்று எண்பது இட்டால் பெரிது.

கறிக்கோழி என்று தனியாக ஒரு ஜாதி வந்து நூறு வருஷம் கூட முழுதாக ஆகவில்லை. அமெரிக்காவில் 1948-ஆம் வருஷம் ‘நாளைய கோழி’ என்று ஒரு தேசியப் போட்டியின் இறுதிச் சுற்று நடந்தது. சீக்கிரம் வளர வேண்டும், நெஞ்சுக்கறி பருமனாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கோழிக்குப் பரிசு. கலிபோர்னியாவைச் சேர்ந்த வாண்ட்ரஸ் என்பவர் கார்னிஷ் ஜாதியையும் நியூ ஹாம்ப்ஷயர் ஜாதியையும் கலந்து உண்டாக்கிய கோழி ஜெயித்தது. கார்னிஷ் என்பது இங்கிலாந்துப் பெயர்தான்; ஆனால் அதன் ரத்தத்தில் நம் தேசத்துச் சண்டைச் சேவலான அசீல் கலந்திருக்கிறது. ஒரு காலத்தில் அதற்கு ‘இந்தியன் கேம்’ என்றே பெயர். ஆக, பிராய்லரின் விரிந்த நெஞ்சில் நம் ஊர்ச் சேவலுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. இதைச் சொன்னபோது எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் பெரிதாக வளர்ந்ததையே பொறுக்கி இணை சேர்த்தார்கள். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில், பழைய ஜாதிகளை அப்படியே காப்பாற்றி வைத்திருந்து, ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். 2014-இல் வெளியான கணக்கு. 56 நாள் வயதில், 1957-ஆம் வருஷத்து ஜாதி 905 கிராம். 1978-ஆம் வருஷத்தது 1,808 கிராம். 2005-ஆம் வருஷத்தது 4,202 கிராம். தீவனம் ஒன்றே, வயது ஒன்றே, ரத்தம்தான் வேறு. ஊசி இல்லாமல் எப்படி இவ்வளவு வளரும் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் இப்போதெல்லாம் சொல்கிறேன்.

வளர்த்தி கூடினால் முட்டை ஏன் கெட வேண்டும்? இதற்கு ஒற்றை மரபணு காரணம் இல்லையாம். நூற்றுக்கணக்கான மரபணுக்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கின்றன. உடம்பை வளர்க்கச் சொல்லும் இன்சுலின் போன்ற சுரப்புகள் சினைப்பையிலும் வேலை செய்கின்றன. அங்கே போய் ‘வளர், வளர்’ என்றால், ஒரு கரு வளர வேண்டிய இடத்தில் இரண்டு வளர்ந்துவிடுகின்றன. ஒரே சாவியை இரண்டு பூட்டுக்குப் போட்டது மாதிரிதான். இன்னொன்று, உடம்பின் எடை தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பிள்ளைக்கு நன்றாக இறங்கும். கரு கூடும் திறன் அவ்வளவு இறங்காது. அதனால் எடையை ஏற்றுவது சுலபம். அதனோடு சேர்ந்து கெட்டுப்போன முட்டைத் திறனைத் திரும்பக் கொண்டுவருவதுதான் கஷ்டம்.

அமெரிக்காவில் வெர்ஜினியாவில் பால் சீகல் என்ற பேராசிரியர் 1957-இல் ஒரு வேலை ஆரம்பித்தார். ஒரே வெள்ளைப் பிளிமத் ராக் கூட்டத்திலிருந்து இரண்டு கிளை பிரித்தார். எட்டு வார வயதில் கனமானவற்றை மட்டும் ஒரு கிளையில் இணை சேர்த்தார். லேசானவற்றை மட்டும் இன்னொன்றில். ஐம்பது தலைமுறை தாண்டி, இரண்டுக்கும் எடையில் சுமார் பத்து மடங்கு வித்தியாசம். கனமான கிளைக் கோழிகளுக்கு மூளையில் ‘போதும்’ என்று சொல்லும் இடம் சரியாக வேலை செய்யவில்லை, தின்றுகொண்டே இருந்தன. அவற்றிடம் கோணல் முட்டை, இரட்டைக் கரு. சரி, லேசான கிளையாவது நன்றாக இட்டதா? அதுவும் இல்லை! அதில் சில பெட்டைகள் தீனியே எடுக்காமல், கடைசிவரை முட்டையிடும் பருவத்துக்கே வரவில்லை. இரண்டு கோடியிலும் இடைஞ்சல். எனக்கு இதுதான் மனதில் ஆழமாகப் பதிந்தது.

அளந்து போடும் தீனி

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தின்ன விட்டால் இப்படி ஆகும் என்றால், நாம் தின்னும் கறிக்கோழிக்கெல்லாம் தாய் எப்படி முட்டையிடுகிறது? என் தம்பி ஒரு தாய்க்கோழிப் பண்ணையில் பதினோரு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவன். அவனைக் கேட்டேன்.

"பட்டினிதான் அக்கா" என்றான்.

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். இல்லை. கறிக்கோழி முப்பத்தைந்து நாளில் எட்டிவிடும் இரண்டு கிலோவை, அதன் தாய் இருபது வாரத்தில்தான் எட்ட வேண்டும். அதற்காக வளரும் பருவத்தில், தானாகத் தின்றால் தின்னக்கூடியதில் மூன்றில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோதான் போடுவார்கள். பத்து வாரத்துப் பெட்டைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் சொச்சம். சில பண்ணைகளில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். வாரா வாரம் பிடித்து எடை போட்டு, அட்டவணையோடு ஒப்பிட்டு, மறு வாரத் தீனியை ஐந்து கிராம் ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

"தீனி விடற நேரத்துல ஷெட்டுக்குள்ள நிக்க முடியாதுக்கா. காலு மேல ஏறி ஓடும். அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், அவ்வளவுதான், தட்டு நக்கின மாதிரி ஆயிரும். அப்புறம் நாள் பூரா வெறும் தட்டையும் செவுத்தையும் கொத்திட்டு நிக்கும். தண்ணியக் குடிச்சு வயித்த ரொப்பும். அதனால தண்ணியும் நேரத்துக்குத்தான்."

"பாவமா இல்லையாடா?"

"பாவந்தான். ஆனா தின்ன விட்டா பாதி செத்துரும், மிச்சம் தோல் முட்டை போடும். எது பாவம்னு நீயே சொல்லு."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதற்குப் படித்தவர்களும் இன்னும் தீர்வு காணவில்லை. தாய்க்கோழிப் புதிர் என்றே சொல்கிறார்களாம். வயிறு நிறைந்தால் உடம்பு கெடுகிறது. உடம்பு நன்றாக இருக்க வேண்டுமானால் ஆயுசு முழுவதும் பசி.

தம்பி இன்னொன்றும் சொன்னான், அது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒரு குள்ள மரபணு இருக்கிறது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து ஹட் என்பவர் 1959-இல் அதைப் பற்றி எழுதினார். வளர்ச்சிச் சுரப்பு வந்து தட்டினாலும் கதவு திறக்காத மாதிரி ஒரு குறை. அந்தப் பெட்டைகள் குள்ளமாக இருக்கும், குறைவாகத் தின்னும், தோல் முட்டையும் இரட்டைக் கருவும் குறையும். பிரான்ஸில் இதைக் கறிக்கோழியின் தாய்க்குப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

"தாய் குள்ளம்னா குஞ்சும் குள்ளமாயிடாதா?" என்றேன். இங்கேதான் வேடிக்கை. மனிதர்களில் பெண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிக் குரோமோசோம், ஆணுக்கு வேறு வேறு. கோழியில் தலைகீழ். சேவலுக்கு இரண்டு இஸட். பெட்டைக்கு ஒரு இஸட், ஒரு டபிள்யூ. குள்ளக் குணம் இஸட்டில் இருக்கிறது. பெட்டை தன் ஒரே இஸட்டை மகனுக்குத்தான் கொடுக்கும். மகளுக்குக் கொடுப்பது டபிள்யூ. ஆக, பெட்டைக் குஞ்சுக்குத் தகப்பனின் நல்ல இஸட் மட்டும், குள்ளம் வராது. சேவல் குஞ்சுக்குத் தாயின் குள்ள இஸட் ஒன்று, தகப்பனின் நல்லது ஒன்று, நல்லது ஜெயித்துவிடும். தாய் குள்ளம், பிள்ளைகள் எல்லாம் வளர்த்தி! நான் அரிசி களைந்துகொண்டே இதைக் காகிதத்தில் கட்டம் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.

சேவலை யார் கேட்கிறார்கள்?

அடைக்கு வைத்த முட்டை கூமுட்டையாகப் போனால் நாம் என்ன சொல்வோம்? "இந்தக் கோழி சரியில்லை" என்போம். சேவலை ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம்.

பண்ணையில் அப்படி இல்லையாம். முட்டை வந்தும் குஞ்சு பொரிக்கவில்லை என்றால் முதலில் சேவலைத்தான் பார்ப்பார்கள். கனத்த சேவலுக்கு நெஞ்சு பெரிது, கால் வலி. பெட்டை மேல் ஏறி நிற்க முடியாது. அதனால் சேவலுக்கும் அளந்துதான் தீனி, தனித் தட்டில். நாற்பத்தைந்து வாரம் தாண்டினால் திறன் இறங்கிவிடும் என்று இளஞ்சேவல்களைக் கொண்டுவந்து கூட்டத்தில் விடுவதும் உண்டு.

வளர்த்தியோடு சம்பந்தமில்லாத குறையும் சேவலிடம் இருக்கலாம் என்று டாக்டரம்மா ஒன்று சொல்லியிருந்தார். சில சேவலுக்குக் கொண்டை ரம்பம் போல் நிமிர்ந்திருக்காது. தட்டையாக, மொட்டு மொட்டாக இருக்கும். ரோஜாக் கொண்டை என்பார்கள். பார்க்க அழகு. ஆனால் அந்தக் குணம் தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் இரட்டையாக வந்த சேவலுக்கு விந்தணு சரியாக நீந்தாது. ஏன் என்பது 2012-இல் தெரிந்தது. அதன் டி.என்.ஏ.யில் ஒரு நீளத் துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் ஒரு முனை கொண்டையின் உருவத்தை மாற்றுகிறது. இன்னொரு முனை விந்தணுவுக்கு வேண்டிய ஒரு மரபணுவைக் கத்தரித்துவிடுகிறது. கொண்டையைப் பார்த்து மயங்கி வளர்த்தவர்களுக்கு உள்ளே நடந்தது தெரியவில்லை.

டாக்டரம்மா இதைச் சொல்லி முடித்ததும் அக்கா மகள் பக்கம் திரும்பி, யதார்த்தமாகத்தான் கேட்டார்: "உங்க வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாச்சுங்களா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்து வருஷமாக இவள் மட்டும்தான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியிருக்கிறாள். மாப்பிள்ளையைப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

"நான் மாட்டு டாக்டர், மனுஷ டாக்டர் இல்லைம்மா. உங்க டாக்டர்கிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு விஷயம் மட்டும் சொன்னார். குழந்தையில்லாத தம்பதிகளில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை ஆணிடமும் ஏதாவது குறை இருக்கும். இரண்டாவது, குண்டம்மாவின் சினைப்பையையும் இவளுடைய ஸ்கேனையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. கோழிக்கு அளவுக்கு மீறிக் கரு முற்றுகிறது. நீர்க்கட்டி என்று சொல்கிறோமே, அதில் கரு முற்றாமல் பாதியில் நின்றுவிடுகிறது. இரண்டும் எதிரெதிர்.

ஊசி விஷயத்தையும் நானே கேட்டேன். வளர்ச்சிச் சுரப்பு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிற்றிலேயே ஜீரணமாகிவிடும். ஆயிரக்கணக்கான கோழிகளைத் தினம் தினம் பிடித்து ஊசி போடுவது என்பதும் கட்டுப்படியாகிற காரியமில்லை. அதைப் போடவேண்டிய அவசியமும் இல்லை. வளர்த்தி ரத்தத்திலேயே இருக்கிறதே! அந்த ரத்தத்தின் மரபணுவும் நாம் தின்றால் நமக்கு வந்துவிடாது. கத்தரிக்காய் மரபணு வராதது போலத்தான். கவலைப்பட வேண்டியது வேறொன்று: நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளைக் கண்டபடி கொடுப்பது. கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழி முதலான உணவுப் பிராணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019-இல் நம் அரசாங்கம் தடை போட்டது அதனால்தான். கறியை உள்ளே சிவப்பு இல்லாமல் நன்றாக வேகவிடுங்கள், பச்சைக் கறி வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்காதீர்கள் என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அக்கா மகள் பேசவே இல்லை. ஊர் நிறுத்தம் வரும் சமயத்தில், "சித்தி, நீங்க ஒருவாட்டி அத்தைகிட்ட இதைச் சொல்றீங்களா? நான் சொன்னா எதுத்துப் பேசறேன்னு ஆயிரும்" என்றாள். மறுநாளே சம்பந்தியம்மாளுக்குப் போன் போட்டேன். ஊசிக் கதைக்கு ஆல்பர்ட்டா கணக்கைச் சொன்னேன், கேட்டுக்கொண்டார். சேவல் கதைக்கு வந்தபோது, "கோழியும் மனுஷனும் ஒண்ணுங்களா?" என்று வெடுக்கென்று வைத்துவிட்டார். ஆனால் மாப்பிள்ளை அன்று இரவு அவராகவே கூப்பிட்டார். என்ன டெஸ்ட், எங்கே எடுக்கிறார்கள் என்று கேட்டார். மாசியில் இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரிடம் போனார்கள். அதற்கு மேல் அது அவர்கள் சமாசாரம். நான் இங்கே எழுதுவது முறையில்லை.

ஒன்றை விட்டுவிட்டேனே. குண்டம்மா சாகும் முன்பு இட்டதில் ஓடு நன்றாக இருந்த ஐந்தை, மகள் எங்கள் சாம்பல் பெட்டையின் அடைக்கு அடியில் வைத்திருந்தாள். இருபத்தொன்றாம் நாள் பார்த்தால் இரண்டு கூமுட்டை, ஒன்று ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தது, இரண்டு பொரித்தன. தகப்பன் எங்கள் வீட்டுச் செஞ்சேவல்தான். குஞ்சு இரண்டும் மஞ்சளில் செம்மறை. மற்றக் குஞ்சுகள் தாயின் பின்னால் ஓட, இவை இரண்டும் தீனித் தட்டிலேயே நின்றன.

மகள் அடுப்படியிலிருந்து என் ஏலக்காய் டப்பாவைக் காலி செய்து எடுத்துக்கொண்டு போனாள். காலையில் அதில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, தலை தட்டி. அதற்கு மேல் யாரும் போடக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு. இரண்டும் வெறும் தட்டைக் கொத்திக்கொண்டு கத்தும்போது என் மாமியாருக்கு மனசு கேட்காது. மகள் பள்ளிக்கூடம் போன பிறகு முந்தானையில் முடிந்து வைத்த கம்பு ஒரு பிடி விழும். நான் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்துவிடுவேன்.